பாக்கியும் பட்டறையும் விடுதியும்: சேலம்–நாமக்கல் சமவெளியில் சிறார் ஆள்சேர்ப்பும் தொழிலாளர் சட்டக் காப்பும்

1. எல்லை

மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி பவானியையும் ஈரோட்டையும் வலக்கரையில் விட்டு, குமாரபாளையத்தையும் பள்ளிபாளையத்தையும் இடக்கரையில் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கிருந்து கிழக்கே திருச்செங்கோடு, சங்ககிரி, இளம்பிள்ளை, தாரமங்கலம், ராசிபுரம், நாமக்கல், சேலம் நகரம் வரை விரியும் சமவெளியே இக்கட்டுரையின் களம். நிர்வாகக் கணக்கில் இவை இன்று இரு மாவட்டங்கள். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரியில்தான். அதற்கு முன் எல்லாமே சேலம். தொழிலும் கடனும் ஆளும் இன்னும் அந்தப் பழைய எல்லைக்குள்ளேயே புழங்குகின்றன.

விசைத்தறி, வெள்ளிக் கொலுசு, நூற்பாலை, கோழிப்பண்ணை என்று இங்குள்ள தொழில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. சிறாரை வேலைக்குச் சேர்க்கும் முறையில் மட்டும் அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. பணத்தை வாங்குபவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். வாங்கியவர் பெரும்பாலும் தகப்பன், உழைப்பது பிள்ளை. இந்தப் பிளவுதான் சட்டம் பார்க்க வேண்டிய இடம். வயதையும் தொழிலின் பெயரையும் மட்டும் பார்க்கும் அதிகாரி நடந்ததில் பாதியைத்தான் பார்க்கிறார். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதை மட்டுமே.

2. சட்டம் வந்த வழி

2.1 ஈடு வைக்கப்பட்ட பிள்ளை

இந்தியாவில் சிறார் உழைப்பைப் பற்றிய சட்டங்களுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது பலரும் மறந்துபோன ஒன்று: 1933ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு ஈடுவைப்புச் சட்டம். விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை முதலாளியிடம் அடகு வைக்கும் வழக்கத்தை அது கண்டித்தது. அதன் விளைவாக வந்த இச்சட்டம், 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடாக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்றது. ஒப்பந்தம் செய்யும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம்.

தொகை அற்பம்தான். ஆனால் சட்டத்தின் பார்வை கூர்மையானது. பிள்ளை பீடி சுற்றுகிறதா கம்பளம் நெய்கிறதா என்று அது கேட்கவில்லை. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்டது. கூடவே ஒரு விதிவிலக்கையும் வைத்தது. பிள்ளைக்குத் தீங்கில்லாத வேலை, நியாயமான கூலி, ஒரு வார அறிவிப்பில் விலகும் உரிமை ஆகிய மூன்றும் இருந்தால் அது ஈடு ஆகாது. விலக முடிகிறதா என்பதே உரைகல். பின்னால் வந்த சட்டங்கள் பலவற்றைவிட இது தெளிவு என்பது என் கணிப்பு.

2.2 பட்டியல் மரபு

ஐந்தே ஆண்டில் பாதை மாறியது. 1938இன் குழந்தைகள் வேலையமர்த்தல் சட்டம் தொழில்களைப் பட்டியலிட்டு, இவற்றில் இன்ன வயதுக்குக் கீழ் கூடாது என்றது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்பு 14 வயது என்ற கோட்டைப் போட்டது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டியலை நீட்டிக்கொண்டே போய் 18 தொழில்கள், 65 செய்முறைகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது. 2016 திருத்தம் தலைகீழ் மாற்றம். 14 வயதுக்குட்பட்டோருக்கு எல்லாத் தொழிலிலும் தடை, 14 முதல் 18 வரையுள்ள வளரிளம் பருவத்தினருக்கு அபாயத் தொழில்களில் மட்டும் தடை. அந்த அபாயப் பட்டியலோ சுரங்கம், தீப்பற்றும் பொருளும் வெடிபொருளும், தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் அபாயச் செய்முறை என்று மூன்று இனங்களாகச் சுருங்கியது. எதிர்ப்புக்குப் பின் 2017இல் மறுபடி விரிந்தது.

தண்டனை கூடியது. ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமாகவும் ஆனது. 2017 ஜூன் 13 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றது. இவ்வளவும் முன்னேற்றம்தான். ஆனால் முன்பணம் என்ற சொல் இந்த மரபிலிருந்தே காணாமல்போனது.

2.3 கடன் மரபு

அது வேறொரு சட்டத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. 1976இன் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 2(ஜி) பிரிவில், கடனாளி தானோ தன் குடும்பத்தாரில் ஒருவர் மூலமோ உழைப்பைத் தருவதாக ஒப்புக்கொள்வதைச் சொல்கிறது. அதற்கு ஈடாகக் கூலியே இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைத்தாலும், வேறிடம் வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பியபடி நடமாட முடியாமல் போனாலும் அது கொத்தடிமை. இவற்றில் ஒன்று போதும், எல்லாம் சேர வேண்டியதில்லை. முன்பணம் மட்டுமன்றி, தானோ தன் முன்னோரோ பெற்ற ‘பொருளாதாரப் பயன்’ எதுவும் கட்டாயக் காரணமாகலாம்.

உச்ச நீதிமன்றம் இரண்டு பெரிய தீர்ப்புகளால் இதற்கு வலுவூட்டியது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் வாங்கும் உழைப்பு 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால் அதன் பின்னே முன்பணம் உண்டென்று அனுமானிக்கலாம், அதை மறுப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. தமிழகத்துக்கு நேரே தொடர்புள்ள வழக்கும் உண்டு. மத்தியப் பிரதேசக் கல்குவாரிகளில் சிக்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக 1985இல் பதிவான மனுவின் தொடர்ச்சியாக நீதிமன்றம் நியமித்த ஆணையம், தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக 1995இல் மதிப்பிட்டது. அந்த வழக்கு முடிய 2012 ஆயிற்று.

3. களத்தில்

3.1 பாக்கி

குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் முன்பணத்துக்கு அந்தப் பெயர் இல்லை. அதன் பெயர் ‘பாக்கி’. தறி ஓட்ட வருபவர் முதலில் பாக்கி கேட்பார். முதலாளி கொடுப்பார். வாராவாரம் கூலியில் கொஞ்சம் பிடிப்பார், அல்லது பிடிக்காமலே விட்டு வைப்பார். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று வரவரத் தொகை ஏறும். பாக்கி நோட்டில் கணக்கு ஓடும்.

மானிடவியலாளர் கீர்ட் டி நெவே இந்தப் பகுதியில் களப்பணி செய்து 1999இல் எழுதிய கட்டுரை, பாக்கியை எடுத்த எடுப்பில் கொத்தடிமை என்று முத்திரை குத்துவதை மறுக்கிறது. ஆள் பற்றாக்குறைக் காலத்தில் தொழிலாளிகளே பாக்கியைப் பேரக் கருவியாக்கினார்கள். அதிகம் தருபவரிடம் தாவினார்கள். பாக்கியோடு ஓடியும்போனார்கள். ஆளைக் கட்டிப்போட நினைத்த முதலாளிக்கு அது முழுதாகக் கைகொடுக்கவில்லை. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தறிகாரரிடம் போய் நீங்கள் அடிமையா என்று கேட்டுப் பார்த்தால் அவரே சிரிப்பார்.

ஆனால் அந்த வாதம் பெரியவர்களுக்கே பொருந்தும். பேரம் பேசுபவனும் உழைப்பவனும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் பாக்கி பேரக் கருவியாகிறது. தகப்பன் வாங்கிய பாக்கிக்கு மகன் தார் சுற்றவோ அச்சுப் பிணைக்கவோ அனுப்பப்படும்போது தாவுவதும் ஓடுவதும் அந்தச் சிறுவனின் கையில் இல்லை. டி நெவே காட்டும் எதிர்ப்பு வழிகள் எல்லாமே அவனுக்கு அடைபட்டவை. பெரியவர்களின் பாக்கி கொத்தடிமையா இல்லையா என்ற நீண்ட விவாதத்தை முடிக்காமலே, பிள்ளையின் மேல் விழுந்த பாக்கி கொத்தடிமை என்று சொல்லிவிட முடியும். 2(ஜி) பிரிவில் ‘குடும்பத்தாரில் ஒருவர் மூலம்’ என்ற சொற்கள் இதற்காகவே இருக்கின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் தொடர்கிறது. 1976 சட்டத்தின் 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனை அடியோடு அழித்துவிட்டது. அழிந்த கடனுக்கு எதிராகக் கடன்கொடுத்தவர் பணம் பெற்றால் 9ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அப்படியானால் ஒரு சிறுவனைப் புதுப் பட்டறைக்கு மாற்றும்போது பழைய முதலாளி வாங்கிக்கொள்ளும் பாக்கி, தறிக்கார ஊர்கள் இயல்பான வியாபாரமாகப் பார்க்கும் அந்தக் கைமாற்று, தனியே ஒரு குற்றம். தகப்பனைப் பார்த்து ‘பாக்கியைக் கட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போ’ என்று சமரசம் பேசும் ஊர்ப் பெரியவர்கள், அழிந்துபோன கடனுக்கு உயிர் கொடுக்கிறார்கள்.

பாக்கியின் அழுத்தம் எங்கெல்லாம் பிதுங்கும் என்பதை 2025 ஜூலை காட்டியது. பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து தரகர்கள் சிறுநீரகம் வாங்கியது வெளியே வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. அங்கே சிக்கியவர்கள் பெரியவர்கள். ஆனால் விற்க ஒன்றுமில்லாத வீட்டில் எதெல்லாம் விலைக்குப் போகும் என்பதற்கு அது சாட்சி. உடலுறுப்பைக் கட்டாயமாக எடுப்பதையும் கட்டாய உழைப்பையும் வெவ்வேறு அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்கள், இரண்டுக்கும் அடியில் ஓடும் கணக்கு நோட்டைப் பார்ப்பதில்லை.

3.2 வெள்ளிப் பட்டறையும் ‘குடும்பமும்’

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் கொலுசு செய்வது பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில். வியாபாரி வெள்ளி தருவார், பட்டறைக்காரர் வேலை செய்து எடை பார்த்துத் திருப்பித் தருவார். கம்பி இழுப்பது, கண்ணி கோப்பது, பற்றவைப்பது, சலங்கை சேர்ப்பது, மெருகேற்றுவது என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். சிறு விரல்களுக்கு ஏற்ற துண்டுகள் எவை என்று சொல்லத் தேவையில்லை.

2016 திருத்தத்தின் 3ஆம் பிரிவு, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பிள்ளை உதவலாம் என்கிறது. தொழில் அபாயமற்றதாக இருக்க வேண்டும். இதில் ‘குடும்பம்’ என்பது பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் நிற்கவில்லை. பெற்றோரின் உடன்பிறந்தாரையும் சேர்க்கிறது. அதாவது சித்தப்பா, மாமா, அத்தை, சின்னம்மா பட்டறைகள் எல்லாம் குடும்பப் பட்டறைகள். கொங்குப் பகுதியில் உறவுமுறை சொல்லி அழைக்காத ஆளே கிடையாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி முன் எந்தப் பட்டறைக்காரரும் ஐந்து நிமிடத்தில் மாமா ஆகிவிடலாம். சட்டம் எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன்.

இங்கும் பணம் போன வழியைக் கேட்டால் மூடுதிரை விலகும். உண்மையான மாமா தன் பட்டறையில் உதவும் மருமகனுக்காக அவன் தகப்பனுக்கு முன்பணம் தரமாட்டார்.

3.3 மில் விடுதி

நூற்பாலைகளில் இதே கணக்கு தலைகீழாக ஓடியது. 2000களில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், நாமக்கல், சேலம் வட்டார மில்களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’, வேறு பெயரில் ‘திருமகள் திருமணத் திட்டம்’, கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்கு விடுதியில் தங்கவைத்தது. கையில் சொற்பக் கூலி. காலம் முடிந்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தத் தொகை, கல்யாணச் செலவுக்கு என்று. வரதட்சணை 1961 முதல் குற்றமாக இருக்கும் நாட்டில் அதற்கான சேமிப்பைச் சுவரொட்டி ஒட்டி விளம்பரம் செய்தார்கள். நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் அந்நாட்டின் இந்தியா குழுவும் 2011, 2014 ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளுக்குப் பின் அந்தப் பெயர் மறைந்தது. ‘கேம்ப் கூலி’யாக முறை தொடர்ந்தது.

இங்கே முன்பணம் இல்லை, பின்பணம் இருக்கிறது. நடுவில் விலகினால் அது போய்விடும் என்ற பயமே விடுதியின் பூட்டு. தாம் உழைத்துச் சேர்த்த கூலியே பணயம்.

சட்டத்தின் பார்வையில் இந்தத் திட்டம் பல இடங்களில் ஒரே நேரத்தில் உடைகிறது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும். மூன்றாண்டு முடித்து அனுப்பிவிடும் ஏற்பாடு அதைத் தாண்டிக் குதிக்கிறது. ‘பயிற்சியாளர்’ என்று பதிந்தது அதற்காகத்தான். தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987 திருத்தம் 18 வயது நிறையாத பெண்களைக் காலை 6 முதல் இரவு 7 வரை மட்டுமே வேலை வாங்கலாம் என்றது. மூன்று ஷிப்டு ஓடும் மில்லில் இது எப்படிக் காக்கப்பட்டிருக்கும்? 2014இன் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் விடுதிக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது.

ஆனால் மையமான பிரிவு வேறிடத்தில் இருக்கிறது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 79ஆம் பிரிவு: வேலையின் பெயரால் 18 வயதுக்குட்பட்டவரைக் கட்டுண்ட நிலையில் வைத்தாலோ, அவர் சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தாலோ, தனக்கென்று பயன்படுத்தினாலோ ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும். ‘சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தல்’ என்பது சுமங்கலியை நேரில் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. வினோதம் என்னவென்றால், இச்சட்டத்தின் 2021 திருத்தம் மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களைக் காவல்துறை தானே பதிவு செய்ய முடியாதவையாக மாற்றிவிட்டது. கையில் கொடுத்த கத்திக்கு உறை தைத்துப் பூட்டியும் விட்டார்கள்.

3.4 வடக்கிலிருந்து வந்தவர்கள்

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இப்போது தறிக்கூடங்களிலும் மில்களிலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் இருக்கிறார்கள். 1979இன் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரருக்கு உரிமம், தொழிலாளிக்குக் கையேடு என்று விதித்தது. ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைப் பத்தாக்கியிருக்கிறது. மின்விசையுள்ள ‘தொழிற்சாலை’ என்பதற்கான எண்ணிக்கையும் பத்திலிருந்து இருபதாகியிருக்கிறது. நாலு தறி, எட்டுத் தறிப் பட்டறைகள் மேலும் வெளியே நழுவுகின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் கொத்தடிமைச் சட்டமும் இந்தத் தொகுப்புகளில் கரையாமல் தனித்தே நிற்பது ஆறுதல். இவை இரண்டுக்கும் ஆள் எண்ணிக்கை தேவையில்லை.

4. ஆள்கடத்தல்: பிரிவு 143

கடத்தல் என்றவுடன் மக்கள் மனத்தில் வருவது வேனும் முகமூடியும். சட்டம் சொல்வது வேறு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு 2013இல் திருத்தி எழுதப்பட்டு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சுரண்டும் நோக்கோடு ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகிய ஐந்தில் ஒன்றை, மிரட்டல், பலவந்தம், கடத்திச் செல்லல், ஏமாற்று, அதிகாரத் துஷ்பிரயோகம், தூண்டுதல் ஆகியவற்றில் ஒன்றால் செய்வதே குற்றம். அந்தத் தூண்டுதலுக்குள் சட்டமே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: ஒருவர்மீது கட்டுப்பாடு உள்ளவரின் சம்மதத்தைப் பெறப் பணமோ பயனோ கொடுப்பதும் வாங்குவதும். தகப்பனிடம் கொடுத்த பாக்கியை இதைவிடத் துல்லியமாக வரையறுக்க முடியாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு சிறார் என்றால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. ஒருவருக்கு மேல் என்றால் பதினான்கு.

ஓர் இடர்ப்பாடு உண்டு. 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம் ‘கட்டாய உழைப்பு’ என்பதைச் சுரண்டலின் வரையறையில் வெளிப்படையாக வைத்திருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அச்சொற்கள் இல்லை. ‘அடிமைத்தனம் அல்லது அதையொத்த வழக்கங்கள்’ என்பன போன்ற சொற்கள் எஞ்சின. வேலைக்காகச் சிறாரைச் சேர்ப்பது இதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அந்த வாதத்துக்கு விடை 1956இல் இருக்கிறது. ‘அடிமைத்தனத்தை ஒத்த வழக்கங்கள்’ என்பது அவ்வாண்டின் ஐ.நா. துணை உடன்படிக்கையின் சொற்றொடர். அதன் முதல் உறுப்பு கடன் அடிமைத்தனத்தையும், உழைப்பைச் சுரண்டும் நோக்கில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோர் பிறரிடம் ஒப்படைப்பதையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இந்தியா 1960இல் அதை ஏற்றது. சொல் அங்கிருந்து வந்திருக்கும்போது பொருளும் அங்கிருந்தே வர வேண்டும்.

5. எந்தச் சட்டத்தின் பெயரில் மீட்பு?

ஒரு பட்டறையில் சிறுவன் கண்டெடுக்கப்படுகிறான். தொழிலாளர் துறை ஆய்வாளர் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பார்ப்பார். கோட்டாட்சியரே கொத்தடிமை விடுதலைச் சான்று தர முடியும். 143 காவல்துறையின் பிரிவு. பிள்ளையை ஒப்படைப்பது குழந்தைகள் நலக் குழுவிடம். நால்வரும் மாவட்டத் தடுப்புக் குழுவில் ஒன்றாகப் போகிறார்கள். திரும்பும்போது தத்தம் படிவத்தோடு திரும்புகிறார்கள். கையில் இருக்கும் படிவத்தில் முன்பணம் என்ற பத்தி இல்லாவிட்டால் முன்பணம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது.

இதன் விளைவு முதலாளியைவிடப் பிள்ளையைத்தான் அதிகம் பாதிக்கிறது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், சிவகாசியை முன்வைத்து, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் முதலாளிக்கு விதித்தது. அதன் வாரிசாகக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 14பி பிரிவு நிதியில் அபராதத் தொகையும் அரசின் 15,000 ரூபாயும் சேர்கின்றன. அதே பிள்ளை கொத்தடிமையாக விடுவிக்கப்பட்டால், மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி 30,000 ரூபாய் வரை உடனடி உதவி. மொத்தம் 2 லட்சம். கடத்தல் போன்ற கொடிய நிலையென்றால் 3 லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவைப் பார்த்துக் காத்திருக்கும் என்றாலும் வித்தியாசம் சிறியதல்ல. கடனும் அப்படித்தான். குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தகப்பனின் பாக்கி அப்படியே நிற்கும். கொத்தடிமை வழக்கில் அழியும். பாக்கி நிற்கும் வரை பிள்ளை வேறு ஊர்ப் பட்டறைக்குப் போவான்.

1976 சட்டத்தின் அபராதம் இன்னும் 2,000 ரூபாய்தான். அதைக் காட்டி அந்தச் சட்டத்தை வீண் என்பவர்கள் உண்டு. அதன் வலு அபராதத்தில் இல்லை, கடனை அழிப்பதிலும், இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பாரத்தை 15ஆம் பிரிவால் கடன்கொடுத்தவர்மேல் ஏற்றுவதிலும் இருக்கிறது.

6. சான்று

பாக்கி நோட்டு முதலாளியிடம் இருக்கும். சோதனை நடக்கும் நாளில் அது மேசையில் இருக்காது. தகப்பனும் மறுப்பார், தானும் குற்றவாளி ஆவோம் என்ற பயத்தால். ஆகவே முதல் விசாரணையிலேயே பிள்ளையிடம் தனியே கேட்க வேண்டியவை சில உண்டு: யார் கூட்டி வந்தார், வீட்டில் அப்போது என்ன செலவு வந்தது, கூலி யார் கைக்குப் போகிறது, வேலையை விட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்கள். வயது பற்றிய கேள்வியை மருத்துவச் சான்று பார்த்துக்கொள்ளும்.

அதிகம் பயன்படாத ஆவணம் ஒன்று பள்ளியில் இருக்கிறது. 2017இன் குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளின்படி, முன்னறிவிப்பின்றி ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வராவிட்டால் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இது குடும்பத் தொழில் விதிவிலக்குக்குக் காவலாக வைத்த விதி. இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் அந்தத் தகவல் கோட்டாட்சியருக்கும் போகுமானால், சோதனைக்குக் காத்திராமல் வீட்டிலேயே விசாரணை தொடங்கலாம். பிள்ளை கடைசியாகப் பள்ளிக்கு வந்த வாரத்தில் அந்த வீட்டில் பழைய கடன் ஏதாவது அடைபட்டதா, சங்கச் சீட்டுப் பாக்கி கட்டப்பட்டதா, நகை மீட்கப்பட்டதா என்று விசாரிப்பதற்கு நோட்டு தேவையில்லை. அந்த வாரத்தில் பணம் வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய பாரம் பட்டறைக்காரருடையது.